ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் டென்ட் போட்டால் வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ பட்டா நிலத்துக்காரர் ஒருவரிடம் கேட்டு, கரண்டும் குழாயும் இல்லாத ஒரு மேட்டில் டென்ட் போட்டுப் படுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து மலைகளில் பைன் காடு கிடையாது. சில்வர் ஓக், தைலமரம், புளி, பலா, உள்ளே போனால் மூங்கிலும் சந்தனமும் உண்டு. பைன் மரத்தடியில்தான் படுப்பேன் என்று கொடைக்கானல் வரை போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்கென்று நடுவில் ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருடமாக வேலூரிலிருந்து இந்த இரண்டு மலைக்கும் ஏறி இறங்குகிறேன். டென்ட்டில் தொல்லை ஒரு இடத்தில் தெரியும், காரணம் வேறு இடத்தில் இருக்கும். குளிரென்றால் மேலே போர்வை தேடுவோம், குளிர் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருக்கும். ஈரமென்றால் வானத்தைப் பார்ப்போம், வானம் தெளிவாக இருக்கும். அதனால் எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் தரையைப் பாருங்கள், அடுத்து டென்ட்டுக்குள் இருக்கும் உங்களைப் பாருங்கள். மலையைக் குறை சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

"மழையே இல்லை, ஆனால் காலையில் டென்ட் உள்ளே நனைந்திருக்கிறது"

முதன்முதலாக டென்ட் வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் துணி ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கூரையின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். பரவலாகப் பொடிப்பொடியாக முத்து கோத்ததுபோல் நீர் இருந்தால் அது உங்கள் மூச்சு. தையலை ஒட்டி மட்டும் கோடாக நனைந்திருந்தால்தான் ஒழுகல்.

ஒரு ஆள் ஒரு இரவில் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சாகவே வெளியே விடுகிறார். மூன்று பேர் படுத்து, காற்றுவழிகளை எல்லாம் குளிருக்குப் பயந்து மூடினால் அந்த மூன்று டம்ளரும் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டும். பொங்கல் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் நீர் வழிவதும் இதே காரணத்தால்தான்.

சரிசெய்ய: மேலே உள்ள காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். கதவின் ஜிப்பை மேல்பக்கம் ஒரு சாண் திறந்துவிடுங்கள், வலை மட்டும் மூடியிருக்கட்டும். வெளித்துணி உள்துணியைத் தொடாதபடி கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். நனைந்த துண்டையும் சாக்ஸையும் உள்ளே காயப்போடாதீர்கள். ஏரிக்கரையையும் பள்ளத்தையும் விட்டு இருபதடி மேலே ஏறிப் போட்டாலே பாதி ஈரம் குறைந்துவிடும், ஏனென்றால் குளிர்ந்த ஈரக்காற்று இரவில் பள்ளத்தில்தான் வந்து தங்கும்.

"கூரை காய்ந்திருக்கிறது, தரை மட்டும் குளமாகிறது"

ஒரு ஐப்பசி மாதம் ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் எங்களுக்கு இது நேர்ந்தது. தரையில் ஈரம் ஏறக் கூடாது என்று பெரிய தார்பாய் ஒன்றை விரித்து அதன்மேல் டென்ட்டை நிறுத்தியிருந்தோம். இரவு மழை பெய்தது. இரண்டு மணிக்கெல்லாம் பாய் மிதக்கிற நிலைமை. காலையில் சாமைக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "இன்னா தம்பி, தண்ணி ஓடுற வழியில படுத்துக்கினு இருக்கீங்க?" என்றார். பிறகு குனிந்து, டென்ட்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த தார்பாயைத் தொட்டுக் காட்டினார். "இது வாங்கி உள்ள ஊத்துது பாரு."

இரண்டு தவறுகளையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கூரையில் விழுந்து வழியும் மழை, வெளியே நீட்டியிருக்கும் தார்பாயில் இறங்கி, அப்படியே டென்ட்டின் அடிக்குள் போகிறது. தார்பாயை டென்ட்டைவிட நான்கு விரல் சின்னதாக இருக்கும்படி மடித்து அடியில் தள்ளிவிட வேண்டும். இடம் பார்க்கும்போது புல் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறதா, சருகும் மணலும் கோடு கோடாக ஒதுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது நீரோடும் தடம், வறண்ட நாளிலும் அங்கே போடாதீர்கள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். அது அடுத்தவர் நிலத்தைக் கெடுக்கும், மழை வந்தால் மண்ணை அரிக்கும். நல்ல இடம் பார்த்துப் போட்டால் அதற்குத் தேவையே வராது.

"இரண்டு கம்பளி போர்த்தியும் முதுகு சில்லிடுகிறது"

வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிரைப் பற்றிய கணக்கு எப்போதும் தப்பும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். வேலூர் 200 மீட்டரை ஒட்டித்தான். ஆக, மார்கழியில் வீட்டு மாடியில் எவ்வளவு குளிர் என்று பார்த்து, அதிலிருந்து ஆறு டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதுகு சில்லிடுவதற்குக் காரணம் காற்று இல்லை, மண். உங்கள் எடை கீழே இருக்கும் கம்பளியை நசுக்கிவிடுகிறது. கம்பளியில் சூட்டைப் பிடித்து வைப்பது அதற்குள் இருக்கும் காற்றுதான். நசுங்கிய பிறகு அந்தக் காற்று ஏது? அதனால்தான் மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே சூடு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றடைத்த மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே உள்ள காற்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோகும், எனவே அது மட்டும் போதாது.

சோதனை எளிது. ஒரு கம்பளியை எடுத்து இரண்டாக மடித்துக் கீழே போட்டு அரைமணி நேரம் படுத்துப் பாருங்கள். மேலே ஒன்று குறைந்தும் சூடு கூடினால் காரணம் தரைதான். நிரந்தரத் தீர்வு மூடிய துளைகள் உள்ள ஃபோம் பாய். அது இல்லையென்றால் நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு கட்டு வைக்கோல் வாங்கி, கீழே கனமாகப் பரப்பி, அதன்மேல் கோரைப்பாயும் ஜமக்காளமும் போடுங்கள். எங்கள் தாத்தா காலத்தில் களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல் படுத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் படுத்தார்கள். படுக்கும் முன் உலர்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். பகலில் வேர்வை குடித்த சட்டையோடு படுக்காதீர்கள்.

"முளை நிற்கவில்லை, ராத்திரி முழுக்கத் துணி படபடக்கிறது"

ஜவ்வாதில் பல இடங்களில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. முளையை நேராக அடித்தால் வளையும். டென்ட்டுக்கு எதிர்ப்புறமாகத் தலை சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். இறங்கவே இல்லையா, முளையை விட்டுவிடுங்கள். தேங்காய் அளவு கல்லில் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றி வையுங்கள்.

சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரி தொய்கிறது என்றால் முடிச்சு தளரவில்லை. நைலான் பனியிலும் மழையிலும் நனைந்தால் நீளும். படுக்கப் போகும்முன் ஒருமுறை சுற்றி வந்து இழுத்துவிட்டால் போதும்.

"காஸ் அடுப்பு சோம்புகிறது, பருப்பு வேகவில்லை"

இவை இரண்டு வெவ்வேறு தொல்லைகள். சின்ன டப்பா அடுப்பில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது ஆவியாகும்போது டப்பாவே குளிர்ந்துபோகும். டப்பா குளிர்ந்தால் அழுத்தம் குறையும், சுடர் சிறுக்கும். டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லிட்டால் அதுதான் காரணம். அடுப்பை அணைத்து, டப்பாவைக் கழற்றி உள்ளங்கையிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ சிறிது நேரம் வையுங்கள். நெருப்பில் காட்டவே கூடாது. காற்றுக்குத் தடுப்பு வைக்கும்போது டப்பாவைச் சுற்றி முழுக்க மூடாதீர்கள், சூடேறினால் வெடிக்கும்.

பருப்பு விஷயம் உயரத்தால் வருவது. ஏலகிரியில் தண்ணீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். காலையிலேயே பருப்பை ஊறப்போடுங்கள், இல்லையென்றால் சின்ன குக்கர் ஒன்றைத் தூக்கிக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் பாசிப்பருப்போடு சரி. ஜமுனாமரத்தூரில் சாமை அரிசி வாங்கிக்கொண்டால் அதோடு சேர்த்துப் பொங்கலாக வைத்துவிடலாம், ஒரே பாத்திரம், சீக்கிரம் வேகும்.

"விறகு புகைகிறதே தவிர எரியவில்லை"

முதல் கேள்வி: அங்கே நெருப்பு மூட்டலாமா? காப்புக்காட்டுக்குள் கூடாது. அதற்குள் வனத்துறை அனுமதியின்றிப் படுக்கவும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்தார்கள். மாசி தொடங்கி வைகாசி வரை நம் மலைகளும் அதே வறட்சியில்தான் இருக்கும். அந்த மாதங்களில் பட்டா நிலத்திலும் நான் விறகு மூட்டுவதில்லை.

மற்ற காலத்தில் புகைந்தால், ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள். "படக்"கென்று முறிந்தால் காய்ந்தது, வளைந்து நாராக நின்றால் பச்சை. தரையில் கிடப்பது ஈரம் குடித்திருக்கும். உண்ணிச்செடிப் புதரில் சிக்கி நிற்கும் பட்ட குச்சிகள் மழைக்காலத்திலும் பற்றும். அரளிக் குச்சியை மட்டும் தொடாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம். எரிப்பதும், அதில் சோளமோ கறியோ குத்திச் சுடுவதும் ஆபத்து.

அடுப்புக்கு ஓடைக் கல்லை எடுக்காதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகி கல் வெடித்துச் சில்லு தெறிக்கும். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தட்டினால் நெருப்பு இன்னும் இருக்கிறது.

"உள்ளே படுத்தால் தலை கனக்கிறது, வாந்தி வருகிறது"

குளிருக்காகக் கரிச்சட்டியை டென்ட்டுக்குள் வைத்திருந்தால், அடுப்பை உள்ளே எரித்திருந்தால், உடனே எல்லாரையும் எழுப்பி வெளியே இழுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் போலத்தான் வரும். மலை ஊர்களில் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் மறுநாள் எழாத செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். நெருப்பு அணைந்து கங்கு மட்டும் இருந்தாலும் அதே ஆபத்துதான். எழுப்பியும் எழாதவருக்கு 108.

"குரங்கு கிழிக்கிறது, எறும்பு ஏறுகிறது, தேனீ சுற்றுகிறது"

குரங்குக்கும் எறும்புக்கும் காரணம் ஒன்றே: உள்ளே பிஸ்கட் இருக்கிறது. சாப்பாட்டை மூடிய டப்பாவில் வண்டிக்குள் வையுங்கள். மிச்சத்தைப் பக்கத்தில் கொட்டினால் ராத்திரி காட்டுப்பன்றி வரும்.

தேனீ வேறு விஷயம். ஜவ்வாது தேனுக்குப் பேர்போன மலை. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் மலைத்தேனீயின் அடை பாய்போல் தொங்கும். டென்ட் போடும் முன் அண்ணாந்து பாருங்கள், தரையைப் பார்க்கச் சொன்ன நான் மேலே பார்க்கச் சொல்வது இதற்கு மட்டும்தான். அடை இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அதற்குக் கீழே புகை போட்டால் கூட்டமே இறங்கும். இறங்கிவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி வண்டிக்குள் ஏறுங்கள். தண்ணீரில் குதித்து ஒளியாதீர்கள், தலை தூக்கும்வரை மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

"பைன் மரத்தடியில் போட்டோம், துணியெல்லாம் பிசின்"

கொடைக்கானல்காரர்களுக்கான பகுதி இதுதான். உலர்ந்த பிசினைச் சுரண்டாதீர்கள், துணி கிழியும். தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் இளகி வரும். பிறகு சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கழுவிவிடுங்கள். பைன் ஊசிச் சருகு படுக்க மெத்தைபோல் இருக்கும், ஆனால் சரிவில் கால் வழுக்கும், ஒரு பொறி பட்டால் பெட்ரோல்போல் பிடிக்கும். சருகு மெத்தையின் மேல் அடுப்பு வைக்கவே வேண்டாம்.

"மலைக்கு வந்தும் நட்சத்திரம் தெரியவில்லை"

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள், தை, மாசி மாதங்கள் மிகத் தெளிவு.

ஜவ்வாதின் இந்த இருட்டுக்காகத்தான் ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் வானாய்வகம் வைத்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்த இரவில், காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. திருப்பத்தூர் பக்கத்து மலைக்காட்டிலிருந்து அவ்வளவு தூரம் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும். காவலூர் பக்கம் படுத்தால் வண்டி ஹெட்லைட்டை வானத்துக்கு அடிக்காமல் இருங்கள், அங்கே ராத்திரியில்தான் வேலை நடக்கிறது.

"விடிகாலையில் ஒருவருக்கு வயிற்று வலி, இமையைத் தூக்க முடியவில்லை"

ராத்திரி சாப்பாடு சேரவில்லை என்று ஓமத்தண்ணி கொடுத்து உட்கார வைக்காதீர்கள். தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்று வலி, வாந்தி, இமை தொங்கல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் வந்தால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். அது இரவில் நடமாடும் பாம்பு. கடித்த இடம் வலிக்காது, வீங்காது, தடம்கூடப் பல நேரம் தெரியாது. தூங்குகிறவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போகும்.

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள், சிக்னல் இல்லையென்றால் தூக்கி வண்டியில் வைத்து இறங்குங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கும். வராமல் தடுக்க வழி ஒன்றுதான். டென்ட் வலையின் ஜிப்பை முழுக்க, தரை ஓரம் வரை மூடுங்கள். திறந்த ஜமக்காளத்தில் வெளியே படுக்காதீர்கள். ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

"இறங்கும்போது பிரேக் கருகுகிறது"

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டே வரும். அந்த நேரத்தில் கருகல் வாடை வந்தால் பிரேக் கொதித்துவிட்டது. அகலமான இடத்தில் ஒதுக்கி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உயிருக்கு வைக்கும் விலை.

"வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனபிறகு காய்ச்சல்"

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். டென்ட் மடித்தாயிற்று, படங்கள் எல்லாருக்கும் அனுப்பியாயிற்று, மலை மறந்தே போயிருக்கும். ஒருநாள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. டெங்கு பார்ப்பார்கள், டைபாய்டு பார்ப்பார்கள். இரண்டும் இல்லை என்று வரும், காய்ச்சல் மட்டும் இறங்காது.

புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது ஸ்கிரப் டைபஸ். கடித்து 6 முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். வேலூர் பக்கம் இது அரிய நோய் இல்லை. மழைக்காலத்திலிருந்து பனிக்காலம் முடியும்வரை மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. தீவிரமான ஸ்கிரப் டைபஸுக்கு எந்த மருந்தை எப்படிக் கொடுத்தால் நல்லது என்று 2023இல் வெளியான பெரிய ஆய்வை முன்னின்று நடத்தியவர்களே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான். டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று அதில் கண்டார்கள்.

உடம்பில் தேட வேண்டியது ஒரு கறுப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிச் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்பின் அடி, காதின் பின்புறம் என்று ஒளிந்திருக்கும். வீட்டில் ஒருவரை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் அது இருக்காது, அதனால் இல்லையென்று விட்டுவிடவும் கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

அடுத்தமுறைக்கு: முழுக்கால் சட்டை போட்டு அதன் நுனியை சாக்ஸுக்குள் விடுங்கள். கணுக்காலில் பூச்சி விரட்டி தடவுங்கள். வெறும் புல்லில் உட்காராமல் ஒரு பாய் போட்டு உட்காருங்கள். துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறப்போடுங்கள். மூன்று வாரம் வரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்: இந்தத் தேதியில் மலைக்குப் போனோம், தரையில் படுத்தோம்.